குரங்கின் தலையில் விழுந்த பழி

2025 பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொரு மணி கடந்து சில நிமிடங்களில் இலங்கைத் தீவு முழுவதும் மின்சாரத்தை இழந்தது. பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை விசிறி சுழலவில்லை. அரைக்கும் ஆலை அரைக்கவில்லை. நீர் இறைக்கும் யந்திரம் இறைக்கவில்லை. பாலையூற்றில் லூர்து மாதா ஆலயத்துப் பூசை முடிந்து வீடு திரும்பியோரும், துறைமுகக் கரையில் மீனுக்கு ஐஸ் தேடி நின்றோரும், கொழும்பு மாளிகைகளில் குளிரூட்டிய அறைகளில் இருந்தோரும் அன்று ஒரே கணத்தில் ஒரே விதியைப் பகிர்ந்துகொண்டனர். மின்சாரம் பரவலாகத் திரும்ப மாலையாயிற்று. அதற்குள் குற்றவாளி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டான். பாணந்துறை உப மின்நிலையத்து மின்மாற்றியிலே குரங்கு ஒன்று தொட்டுவிட்டது என்று மின்சக்தி அமைச்சர் அறிவித்தார்.

உலகப் பத்திரிகைகள் சிரித்தன. நாமும் சிரித்தோம். அன்று இலங்கையை எரித்தது ஒரு குரங்கு, இன்று இலங்கையை அணைத்தது ஒரு குரங்கு என்று தேநீர்க்கடைகளில் வேடிக்கை பேசினோம். சிரிப்பு அடங்கிய பின்னராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மட்டும் கேளாது விட்டோம். பாணந்துறையிலே ஒரு குரங்கு கை வைத்தால் பாலையூற்றிலே விளக்கு ஏன் அணைய வேண்டும்?

குரங்கு செய்தது ஒரு குறுஞ்சுற்று, அவ்வளவே. மின்கம்பியில் மரக்கிளை முறிந்து விழுவதும், மழையிலே காவலி வெடிப்பதும், காகம் கருகி வீழ்வதும் எந்த நாட்டிலும் அன்றாடம் நிகழ்வன. ஊறு நேர்ந்த இடத்தை மட்டும் கண்ணிமைக்கு முன் வெட்டி ஒதுக்கி, எஞ்சிய நாட்டைக் காப்பதற்கென்றே ரிலே எனப்படும் காவற்கருவிகள் மின்நிலையந்தோறும் வைக்கப்பட்டுள்ளன. ஒருகாலத்தில் அவை கம்பிச் சுருளும் இரும்புத் தகடும் கொண்ட பொறிகள். இன்று அவை சிறு கணனிகள். மின்பிறப்பாக்கியின் வேகத்தை ஆள்வதும் கணனி. கூரைமேற் சூரிய மின்கலம் தரும் நேரோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றி வலையிற் சேர்க்கும் இன்வேட்டரின் உள்ளே இருப்பதும் கணனி. மேசையில் வைத்துக் கடிதம் அச்சிடும் கணனியல்ல இது. இயந்திரத்தின் வயிற்றுக்குள் புதைந்து, ஒருவரும் கேளாமலே, ஒரு செக்கனுக்குள் ஆயிரம் முறை அளந்து, ஆயிரம் முறை தீர்ப்பளிக்கும் கணனி. அந்தக் குரங்குக்கும் நாடு தழுவிய வீழ்ச்சிக்கும் நடுவே இத்தகைய தீர்ப்புகள் எண்ணிறந்தவை கிடந்தன. எந்தக் கருவி எந்தக் கணத்தில் என்ன அளந்து என்ன முடிவு செய்தது என்பது நாட்டின் பேச்சாகவில்லை. குரங்கே பேச்சாயிற்று.

இலக்கிய ஏட்டிலே இன்வேட்டருக்கு என்ன வேலை என்று நண்பர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். குத்தகைக்காரனையும் தோட்டத் துரையையும் சம்மாட்டியையும் பற்றி எழுத நமக்கு எவரும் அனுமதி தரவில்லை. மக்களின் வாழ்வைத் தீர்மானிக்கும் முடிவுகள் அங்கே எடுக்கப்பட்டன என்பதனாலேயே எழுதினோம். இன்று அம்முடிவுகளிற் பல விரல்நகத்தளவு சில்லொன்றினுள் முன்கூட்டியே எழுதி வைக்கப்படுகின்றன. எழுதியவர் யார், எவர் சொல்லி எழுதினார், எவர் சரிபார்த்தார் என்று கேட்பதற்குப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை. கேட்கும் பழக்கம் இருந்தாற் போதும்.

இக்கருவிகளின் மென்பொருளை நிகழ்நேர மென்பொருள் என்பர். விரைவாக ஓடுவது என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. குறித்த கெடுவுக்குள் விடை வந்தே தீரவேண்டும் என்பதே இதன் பொருள். கெடு கடந்து வரும் சரியான விடையும் தவறான விடையே. பாறையில் மோதிய பின் சுக்கானைச் சரியான பக்கம் திருப்பிய படகோட்டியை எவரும் கெட்டிக்காரன் என்பதில்லை.

திருகோணமலை மக்களுக்கு இதைப் பாடப்புத்தகம் கொண்டு விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை சுமாத்திராவின் கரையருகே கடலடி அதிர்ந்தது. கால்மணி நேரத்துக்குள் ஹவாயிலிருந்த பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையத்துக்கு அந்த அதிர்ச்சி தெரிந்துவிட்டது. அலை நம் கீழைக் கரைக்கு வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுத்தது. அறிவு இருந்தது; நேரம் இருந்தது; அறிவைக் கரைக்குக் கொண்டுவரும் வழி மட்டும் இருக்கவில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் அலை வந்தபின்பே அலை வருவது தெரிந்தது. இத்தீவில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் இதே துறைமுகத்தில், 1942 ஏப்ரல் 9ஆம் நாள், ஜப்பானிய விமானங்கள் வருவதை ரேடார் முன்னரே கண்டுகொண்டது; காவல் விமானங்கள் மேலெழ அவகாசம் கிட்டிற்று. ஏகாதிபத்தியம் தன் கப்பல்களைக் காக்க விரும்பியபோது நேரத்துக்கு எச்சரிக்கும் கருவி இங்கே வந்தது. அறுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் மீனவக் குடிகளைக் காக்க அத்தகைய ஒன்று இருக்கவில்லை. தொழினுட்பம் போதாமையால் நேர்ந்தது என்று இதை எவரும் சொல்ல முடியாது.

மின்சாரத்துக்கு மீள்வோம்.

நமது மின்வலை செக்கனுக்கு 50 சுற்று என்னும் மீடிறனில் இயங்குவது. உற்பத்தியும் தேவையும் சமமாக இருக்கும்வரை அந்த 50 நிலைக்கும். ஒரு பெரும் உற்பத்தி நிலையம் திடீரென விலகினால் மீடிறன் சரியத் தொடங்கும். நுரைச்சோலையிலும் விக்டோரியாவிலும் சுழலும் பாரமான சக்கரங்கள் அச்சரிவைச் சற்றுத் தாங்கும்; உந்தி விட்ட மாட்டுவண்டிச் சக்கரம் சிறிது தூரம் தானே உருளுமல்லவா, அதைப்போல. உயர்தர வகுப்பு மாணவர் இதைச் சடத்துவம் என்று படிக்கின்றனர். சூரிய மின்கலத்துக்குச் சக்கரமில்லை. ஆகவே சடத்துவமும் இல்லை. பெப்ரவரி 9 விடுமுறை நாள், தேவை குறைவு, வெயில் நல்ல வெயில். ஓடிக்கொண்டிருந்த மின்சாரத்திற் பெரும்பங்கு சூரியனிடமிருந்து வந்தது. கட்டமைப்பின் சடத்துவம் தாழ்ந்திருந்தது என்று அன்று அதை நடத்திய இலங்கை மின்சார சபையே விளக்கமளித்தது.

உடனே குரங்குக்கு அடுத்தபடியாகச் சூரியனும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது. நிலக்கரி வணிகத்தின் நண்பர்கள், சூரிய மின்சாரம் நம்பத்தகாதது என்று ஓலமிடத் தொடங்கினர். நம்பத்தகாதது வெயிலா, வெயிலுக்கும் வலைக்கும் நடுவே இருக்கும் பெட்டிக்குள் எழுதப்பட்ட வரிகளா என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் வேறு நாடுகளில் இருந்தனர்.

ஜெர்மனியில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே கூரைச் சூரிய மின்சாரம் சிறு விளையாட்டாக இருந்த காலத்தில், மீடிறன் 50.2ஐத் தாண்டினால் இன்வேட்டர் தன்னைத்தானே துண்டித்துக்கொள்ள வேண்டும் என்று விதி செய்தனர். தனி ஒரு வீட்டைப் பொறுத்தவரை அது நல்ல விதி. சந்தேகம் வந்தால் விலகிவிடு, வீட்டைக் காப்பாற்று. ஆனால் சூரியக் கூரைகள் பல இலட்சமாகப் பெருகியபோது, அதே நல்ல விதி நாட்டின் குரல்வளையில் வைத்த கத்தியாயிற்று. மீடிறன் ஒருநாள் 50.2ஐத் தொட்டால் அத்தனை கூரைகளும் ஒரே கணத்தில் விலகும். விலகினால் வலையே சரியும். ஆபத்து நேருமுன் அரசு விழித்துக்கொண்டது. 2012இல் சட்டவிதி ஒன்றை ஆக்கி, மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட நிலையங்களில் அந்த ஒற்றை எண்ணை மாற்றவைத்தது.

இதிலே ஒரு பாடம் உறைந்து கிடப்பதாக நான் கருதுகிறேன். ஒவ்வோர் இன்வேட்டரும் தன் சொந்தக்காரனின் சொத்தைக் காப்பதற்கே கற்பிக்கப்பட்டிருந்தது. தான் தொங்கிக்கொண்டிருக்கும் வலையைக் காப்பது அதன் கடமை என்று எவரும் அதற்குச் சொல்லவில்லை. சொத்துடைமைச் சமுதாயத்தின் ஒழுக்கம், வேலிக்குள் இருப்பதைப் பார்த்துக்கொள் என்னும் அந்தப் பழைய ஒழுக்கம், ஒரு சில்லினுள் நாலு வரியாக எழுதப்பட்டிருந்தது. ஆயிரம் பேர் தனித்தனியே பாதுகாப்பாக இருக்க முயன்றதன் கூட்டுத்தொகை பேராபத்தாக முடிந்தது. பொருளாதாரத்தில் மட்டுமே நாம் கண்டு பழகிய முரண்பாடு இது. இன்று பொறியின் உள்ளேயும் குடிபுகுந்துள்ளது.

தென் கலிபோர்னியாவிலோ விழிப்பு விபத்துக்குப் பின்னரே வந்தது. 2016 ஆகஸ்ட் 16ஆம் நாள் காட்டுத்தீ உயர் அழுத்த மின்கம்பிகளின் கீழ்ப் பரவியது. புகையூடே குறுஞ்சுற்றுகள் நேர்ந்தன. காவற்கருவிகள் கம்பிகளை ஒழுங்காக வெட்டி ஒதுக்கின. ஆயினும் ஏறத்தாழ 1,200 மெகாவாட் சூரிய மின்சாரம் திடீரென மறைந்துபோயிற்று. ஆராய்ந்து பார்த்தபோது, அதிற் பெரும்பகுதி இன்வேட்டர்கள் மீடிறன் 57க்குக் கீழே வீழ்ந்துவிட்டதாக எண்ணித் தம்மைத் துண்டித்துக்கொண்டது தெரியவந்தது. அமெரிக்க வலையின் மீடிறன் 60. அன்று அது 59.8க்குக் கீழே இறங்கவேயில்லை. குறுஞ்சுற்றினால் ஒரு கணம் குலைந்த அலையை, செக்கனில் நூறிலொரு பங்கு நேரத்துக்குள் அளந்து, அளந்ததை நம்பித் தீர்ப்பளித்துவிட்டன கருவிகள். பரிகாரம் என்ன தெரியுமா? அத்தகைய அளவு தென்பட்டால் ஐந்து செக்கன் பொறுத்துப் பார் என்று மென்பொருளைத் திருத்தினர். ஒரு திருகாணியும் மாற்றப்படவில்லை. ஆராய்ச்சி அறிக்கை முழுவதும் 2017இல் வெளியிடப்பட்டது. உலகில் எவரும் அதைப் படிக்கலாம். காட்டுத்தீயைக் குற்றவாளியாக்கிக் கோப்பை மூடிவிடவில்லை அவர்கள். முதலாளித்துவத்தின் தலைநாடு இதைச் செய்தது என்பதைச் சொல்ல நமக்கு வெட்கமில்லை; நாம் செய்யாதிருப்பதுதான் வெட்கம்.

இங்கே நடந்தது என்ன? அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தது. தேவை குறையும், வெயில் மிகும், மீண்டும் வலை சரியலாம் என்ற அச்சம் பிறந்தது. கூரைச் சூரிய மின்கலம் வைத்திருப்போர் பிற்பகல் மூன்று மணிவரை தாமாகவே ஆளியை அணைத்துவைக்குமாறு மின்சார சபை பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்தது. செக்கனில் ஆயிரம் முறை முடிவெடுக்கும் கணனிகளை நாடெங்கும் பொருத்திவிட்டு, அவற்றை ஆளுவதற்குப் பத்திரிகை அறிவித்தலையும் வீட்டுக்காரரின் நல்ல மனத்தையும் நம்பியிருந்தோம்! வேண்டுகோள் விடுத்த அலுவலரை நான் குறை கூறவில்லை. அவர் கையில் வேறு கருவி இல்லை. பெட்டிகளை இறக்குமதி செய்தபோது, விற்றபோது, பொருத்தியபோது அவற்றின் உள்ளே எழுதியிருப்பது நம் வலைக்கு ஏற்றதா, வேண்டும்போது நம் சொற்கேட்குமா என்று தீர விசாரித்திருந்தால் அவர் அவ்வாறு கைநீட்டி நிற்க வேண்டியிருந்திராது.

பெட்டியின் உள்ளே பார்க்க வீட்டுக்காரருக்கு உரிமையில்லை. வலைக்குரிய வரம்பெண்கள் நிறுவுவோரின் கடவுச்சொல்லுக்குப் பின்னே பூட்டிக்கிடக்கின்றன. மூலநிரலோ தயாரித்த கம்பெனியின் இரகசியம். 2024 நவம்பரில் அமெரிக்காவில், டேய் என்னும் சீனக் கம்பெனியின் இன்வேட்டர்கள் பல, இந்நாட்டில் இயங்க உமக்கு அனுமதியில்லை என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பைக் காட்டிவிட்டு வேலைசெய்ய மறுத்தன. வணிக உரிமை பற்றிய தகராறு. காசு கொடுத்து வாங்கியவர் வீட்டிலே இருள். அமெரிக்கரின் வீட்டிலேயே இவ்வாறெனில் நமது வீட்டில் எவ்வாறிருக்கும் என்று சொல்ல வேண்டுமோ?

குரங்கின் தலையிற் பழிபோடுவது இலங்கை அமைச்சர் கண்டுபிடித்த கலையல்ல. இயந்திரத்தின் மூளை பிழைசெய்யும்போதெல்லாம், அதற்கு மிக அருகே நின்ற மிக எளியவன் தலையிலே பழியை இறக்குவது உலக வழக்கமாகிவிட்டது.

தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை செய்யும் இயந்திரம். கனடிய அணுசக்தி நிறுவனம் ஆக்கியது. 1985க்கும் 1987க்கும் இடையே ஆறு நோயாளர்மீது அளவுக்குப் பன்மடங்கு மேற்பட்ட கதிரை அது பாய்ச்சியது. அவர்களிற் சிலர் அதனாலேயே மாண்டனர். முந்திய மாதிரியில், மென்பொருள் தவறினாலும் கதிரைத் தடுத்துவிடும் பொறித்தடைகள் இருந்தன. புதிய மாதிரியில் அவற்றை நீக்கிவிட்டுக் காவற்பொறுப்பு முழுவதையும் மென்பொருளிடம் ஒப்படைத்தனர். பழைய இயந்திரங்களின் மென்பொருட் பகுதிகளையே இதற்கும் எடுத்தாண்டனர். அப்பழைய நிரலில் ஏற்கெனவே கிடந்த பிழையைப் பொறித்தடைகள் மறைத்து வைத்திருந்தன. இயக்குபவர் தட்டச்சில் நேர்ந்த ஒரு தவறை ஏறக்குறைய எட்டுச் செக்கனுக்குள் விரைந்து திருத்தினால், இயந்திரத்தின் ஒரு பாகம் திருத்தத்தை அறியும். மற்றொரு பாகம் அறியாது. திரையிலே ‘கோளாறு 54’ என்று மட்டும் தோன்றும். அதன் பொருள் என்னவென்று கைந்நூல் விளக்கவில்லை. இயந்திரம் மிகைக்கதிர் பாய்ச்சுவது நடவாத காரியம் என்று நிறுவனம் அடித்துச் சொன்னது.

பிழையைக் கண்டுபிடித்தவர் யார்? நிறுவனத்தின் ஆய்வுகூடமன்று. 1986இல் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில் ஒரு சிகிச்சை நிலையத்துப் பௌதிகவியலாளரும், அந்த இயந்திரத்தை இயக்கிய பெண் ஊழியரும் சேர்ந்து, அன்று தட்டிய விசைகளை அதே வேகத்தில் மீண்டும் மீண்டும் தட்டிப் பார்த்துக் கோளாறை வரவழைத்துக் காட்டினர். வேலையிற் பழகிய கை வேகமாகத் தட்டும் என்பதை ஆக்கியோர் எண்ணிப்பாராத இடத்திலேதான் மரணம் ஒளிந்திருந்தது. உழைப்பவரின் கையே அதை வெளியே இழுத்தும் போட்டது.

இனி விமானத்துக்கு வருவோம். போயிங் 737 மக்ஸ் விமானத்தில் எம்காஸ் என்றொரு மென்பொருள் இருந்தது. விமானத்தின் மூக்கு அளவுக்கு மேல் உயர்வதாக உணரி சொன்னால், விமானியைக் கேளாமலே மூக்கைக் கீழே தள்ளுவது அதன் வேலை. விமானத்தில் அத்தகைய உணரிகள் இரண்டு இருந்தன. மென்பொருள் ஒருமுறைக்கு ஒன்றையே கேட்டது. அது பொய் சொன்னால்? 2018 ஒக்டோபர் 29ஆம் நாள் ஜாவாக் கடலில் 189 பேர். 2019 மார்ச் 10ஆம் நாள் எத்தியோப்பியாவில் 157 பேர். விமானிகளின் கைந்நூலில் எம்காஸ் என்ற பெயரையே சேர்க்காது விட்டிருந்தனர். சேர்த்தால் புதிய பயிற்சி வேண்டியிருக்கும், பயிற்சிக்குச் செலவாகும், செலவைக் கண்டால் வாங்குவோர் தயங்குவர். இவ்வளவையும் செய்துவிட்டு, மாண்ட விமானிகளுக்குப் பயிற்சி போதாது என்று கூசாமற் பேசினர் சிலர். 2021 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறையின் குற்றவழக்கைத் தீர்க்க, 250 கோடி டொலருக்கு மேல் கொடுக்கப் போயிங் உடன்பட்டது.

விமானிகளுக்கு அடுத்ததாக இன்னொரு குரங்கையும் தேடிப் பிடித்தனர், அது நம்மவர். 2019 ஜூன் மாதம் புளூம்பேர்க் செய்தி ஒன்று, போயிங்குக்காக இந்தியக் கம்பெனியான எச்.சி.எல். வழியே மென்பொருள் வேலை செய்தோரிற் சிலரின் கூலி மணிக்கு ஒன்பது டொலர் அளவே என்று வெளியிட்டது. கூலிச் சுரண்டலை அம்பலப்படுத்திய அளவில் அச்செய்தி நன்று. ஆனால் அதைப் படித்த உலகம் வேறொன்றை முணுமுணுத்தது: மலிவான இந்தியன் எழுதினான், விமானம் வீழ்ந்தது. எம்காஸை எழுதியதில் அந்த ஒப்பந்தப் பொறியியலாளருக்குப் பங்கில்லை என்று போயிங்கே மறுத்துரைத்தது. மேலும், எம்காஸின் கேடு நிரல் எழுதிய விரலில் பிறந்ததன்று. ஓர் உணரியே போதும் என்று முடிவு செய்த மேசையிற் பிறந்தது. விமானிக்குச் சொல்லவேண்டாம் என்று முடிவு செய்த மேசையிற் பிறந்தது. எழுதச் சொன்னதை மென்பொருள் பிசகாமற் செய்தது. குறைந்த கூலிக்கு உழைப்பவனைக் கூலியிலும் வஞ்சித்து, பின்னர் கொலைப்பழியிலும் மாட்டும் இந்த இரட்டை அநியாயத்தைத் தமிழ் மாணவர் நன்கு கவனிக்க வேண்டும். சென்னையிலும் கொழும்பிலும் அந்த நாற்காலிகளில் நாளை அமரப்போகிறவர்கள் அவர்களே.

இவ்விடத்தில் நம் முகாமைச் சேர்ந்த நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் அரசுடைமையாக்கினால் இக்கேடுகள் தீரும் என்று சொல்லிவிட்டு உறங்கச் செல்லும் பழக்கம் நம்மிடையே உண்டு. தெராக்-25ஐ ஆக்கிய நிறுவனம் கனடிய அரசுக்குச் சொந்தமானது. இலாபவேட்டைக்கு வெளியே நின்ற ஒரு நிறுவனமும் பொறித்தடையை நீக்கிற்று. தன் பிழையை மறுத்தது. சுதந்திரமான எவரையும் தன் நிரலைப் பார்க்கவிடவில்லை. தனியார் கம்பெனி வணிக இரகசியம் என்று மூடுவதை அரசுச் சபை அலுவலக இரகசியம் என்று மூடினால், மின்னிழந்தவனுக்கும் கதிர் பட்டவனுக்கும் வேறுபாடு யாது? உடைமை மக்களுடையதாக வேண்டும் என்பதை நான் கைவிடவில்லை. திறப்பும் மக்களிடம் இருக்க வேண்டும் என்கிறேன்.

நம்பத்தகுந்த மென்பொருளை ஆக்குவது மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டது, பிழையில்லாத நிரல் உலகில் இல்லை என்று கைகளை விரிக்கும் பண்டிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாரிஸ் நகரத்துச் சுரங்கப் புகையிரதத்தின் 14ஆம் தடத்தைப் பார்க்கட்டும். 1998இல் திறக்கப்பட்ட அத்தடத்தில் சாரதி இல்லை. வண்டியை ஓட்டுவதும் நிறுத்துவதும் கதவைத் திறப்பதும் மென்பொருள். அந்நகரின் பொதுப் போக்குவரத்து நிர்வாகத்துக்காக ஆக்கப்பட்ட அதன் காவல் மென்பொருள், பல்லாயிரம் வரி கொண்டது, பி முறை என்னும் கணித முறையினால் எழுதப்பட்டது. வண்டி இன்னின்ன நிலையில் கதவைத் திறக்கலாகாது என்பன போன்ற விதிகளை முதலிற் கணித வாக்கியங்களாக எழுதினர். நிரல் அவ்விதிகளை ஒருபோதும் மீறாது என்பதை, யூக்கிளிட்டின் தேற்றத்தை நிறுவுவதுபோலப் படிப்படியாக நிறுவினர். நிறுவிய பகுதியில் அதன்பின் நடந்த சோதனைகளிற் பிழை தென்படவில்லை. கேட்பவர் கறாராகக் கேட்டால் செய்பவர் செய்து கொடுப்பர். கேட்பவர் மலிவையும் விரைவையும் மட்டுமே கேட்டால் கிடைப்பதும் அதுவே.

கணித நிறுவல் எல்லா இடத்துக்கும் கட்டுப்படியாகாது எனலாம், ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் கீழ்ப்படியில் எளிய, பழைய, பெயர்பெற்ற வழிகள் பல உள. மிக மோசமான நிலையில் ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டியே கணக்கிடுதல். நிரல் ஓரிடத்திற் சிக்கிக்கொண்டால் அதை உலுப்பி மீளத் தொடக்கும் காவற்கடிகாரம் ஒன்றைத் தனியே வைத்தல். எழுதியவரே சரிபாராது, அவருக்குக் கட்டுப்படாத இன்னொருவர் சரிபார்த்தல். உணரி பொய் சொல்லும், கம்பி அறும், மின்னல் வெட்டும் என்று கருதி வேண்டுமென்றே அவற்றை நேரச்செய்து பார்த்தல். இவற்றில் ஒன்றும் மேதைமை வேண்டுவதன்று. நேரம் வேண்டும், பொறுமை வேண்டும், பிழையைச் சொன்னவனைத் தண்டியாத மேலாளன் வேண்டும். மூன்றும் இலாபக் கணக்கேட்டில் செலவுப் பக்கத்தில் வருவன. ஆதலால் முதலில் வெட்டப்படுவனவும் இவையே.

நமது கல்வி இதற்கு என்ன செய்கிறது? உயர்தர வகுப்புவரை தமிழிலே மீடிறனும் சடத்துவமும் படித்த பிள்ளை, பல்கலைக்கழக வாயிலைத் தாண்டியதும் ஆங்கிலத்திலே நிரலெழுதப் பழகுகிறது. பாலையூற்றிலிருந்து வெகு தூரமில்லாத நிலாவெளி கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலே கணனி விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது. அங்கே கற்போரும் கற்பிப்போரும் நம் மரியாதைக்குரியவர். ஆயினும் நாடெங்கும் மாணவர் உள்ளத்தைக் கவர்ந்திருப்பது எது? வேலைச்சந்தை கேட்பது: விற்பனைப் பக்கம், கைபேசிச் செயலி, வெளிநாட்டுக் கம்பெனிக்கான ஒப்பந்த வேலை. பிழைப்புக்கு அவை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நம் உப மின்நிலையத்து ரிலேயின் பதிவைத் திறந்து வாசித்து, இன்ன மில்லிச்செக்கனில் இன்னது நேர்ந்தது என்று நாட்டுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் எடுத்துச் சொல்லக்கூடிய இளைஞர் நூறு பேரை உருவாக்குவது, இன்னொரு கைபேசிச் செயலியைவிட இம்மக்களுக்குப் பயனுடையது. பௌதிக ஆசிரியர் எவரும் நாளைய பாடத்திலேயே தொடங்கலாம். கலிபோர்னிய அறிக்கை கரும்பலகையில் எழுதி விளக்க முடியாத பொருளன்று.

பாலையூற்றிலிருந்து கொட்டியாரக் குடாவின் மறுகரையில் இருக்கிறது சம்பூர். 2006இல் போரினாற் பெயர்க்கப்பட்ட அவ்வூர் மக்கள் திரும்பிவரப் பல ஆண்டு காத்துக்கிடந்தனர். அவர்களின் நிலத்தில் நிலக்கரி மின்நிலையம் அமைக்கத் திட்டமிட்டு, எதிர்ப்பின் பின் 2016இல் கைவிட்டனர். இப்போது அங்கே இந்தியாவுடன் கூட்டாக 120 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைக்கும் திட்டம். 2025 ஏப்ரல் 5ஆம் நாள் தொடக்க விழா நடந்தது. முதற்கட்டம் 50 மெகாவாட். சூரிய மின்சாரத்துக்கென நிலம் பறிபோவதை எதிர்த்து அதே ஆண்டு முத்துநகர் விவசாயிகள் திருகோணமலை மாவட்டச் செயலகத்தின் முன் அமர்ந்து போராடினர். நிலம் கண்ணுக்குத் தெரிவது. அதற்காகப் போராட மக்களுக்குத் தெரியும். இன்வேட்டரின் உள்ளே எழுதப்படும் எண் கண்ணுக்குத் தெரியாதது. மீடிறன் எத்தனையைத் தொட்டால் சம்பூர் நிலையம் விலகும், எத்தனை செக்கன் பொறுக்கும், அந்த எண்ணைத் தீர்மானிப்பவர் கொழும்பில் இருப்பாரா, டில்லியில் இருப்பாரா, பெட்டியைச் செய்த தொழிற்சாலையில் இருப்பாரா, பின்னொரு நாள் அதை மாற்ற எவருக்கு அதிகாரம், மாற்றினால் அது எங்கே பதியப்படும் என்பனவற்றை இப்போதே கேட்டாக வேண்டும். பெட்டிகள் வந்திறங்கிப் பூட்டப்பட்ட பின் கேட்பதிற் பயன் குறைவு.

கேட்பதற்கு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தப் பிரசையும் மின்சக்தி அமைச்சுக்கோ பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கோ விண்ணப்பிக்கலாம், தமிழிலேயே எழுதலாம். தகவல் அலுவலர் பதினான்கு வேலைநாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். வணிக இரகசியம் என்று சொல்லி மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு. பொதுநலன் அதைவிடப் பெரிதாயின் மறுக்கலாகாது என்றும் அதே சட்டம் கூறுகிறது. எது பெரிது என்று அவர்கள் எழுத்திலே சொல்லட்டும்.